பிள்ளையின் பேச்சைக் காதில் வாங்கினார்கள்!

ஏழு வயதுப் பையன். செம்பட்டைத் தலைமயிர். மூக்கின் மேலும் கன்னத்திலும் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றில் டெலிவிஷன் நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பையன் தான் பேசவேண்டிய வசனத்தைச் சொல்லிப் பார்த்தான். அது அவன் வாயில் சரியாக வரவில்லை. டைரக்டரை நிமிர்ந்து பார்த்து, "சின்னப் பையன் எவனும் இப்படிப் பேசமாட்டானே!" என்றான்.

மற்றவர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? சிரித்திருப்பார்கள். அல்லது, "எழுதிக் கொடுத்ததைப் பேசடா, பெரிய மனுஷா!" என்று அதட்டியிருப்பார்கள். டைரக்டர் பாப் ஸ்வீனி இரண்டும் செய்யவில்லை. "பின்னே எப்படிப் பேசுவான்?" என்று கேட்டார். பையன் பேசிக் காட்டினான். "சரி, அப்படியே பேசு" என்று சொல்லிவிட்டார்.

பையன் முகமெல்லாம் பல்லாக நின்றான். நாடகத்தின் கதாநாயகர் ஆண்டி கிரிபித் அதைக் கவனித்து, என்னடா சிரிப்பு என்று விசாரித்தார். தான் சொன்ன யோசனையை அவர்கள் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை என்றான் பையன். அவன் உருப்படியாக யோசனை சொன்னதும் இதுதான் முதல் தடவை என்றாராம் கிரிபித். எல்லோரும் மறுபடி வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்தப் பையனின் பெயர் ரான் ஹோவர்டு. ஆண்டு 1961. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2002 மார்ச் 24-ந் தேதி இரவு, 'எ பியூட்டிபுல் மைண்ட்' என்ற படத்துக்காகச் சிறந்த டைரக்டருக்குரிய ஆஸ்கார் பரிசை அவர் பெற்றார். கணித மேதை ஜான் நாஷின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் படத்துக்கு அன்று மொத்தம் நான்கு பரிசுகள் கிடைத்தன.

குழந்தை நட்சத்திரமாகப் பெயர் வாங்கி, வளர்ந்து பெரியவராகி, பிறகு டைரக்டராகவும் பெயர் வாங்கியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. அதனால் ரான் ஹோவர்டின் பெயரை உதாரணமாக எடுத்துக் காட்டுவது பலருக்கு வழக்கம். "பார்த்தீர்களா! சின்ன வயதிலேயே ஸ்டூடியோவில் விட்டால் பிள்ளை எப்படி முன்னுக்கு வருகிறான்!" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த முடிவு தவறு. பிள்ளையை முன்னுக்குக் கொண்டுவந்தது ஸ்டூடியோ அல்ல; அங்கே அவனைச் சுற்றி நின்ற பெரியவர்கள். அவர்களை எடுத்துவிட்டுக் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

தகப்பனுக்குக் கிடைக்காத புகழ்

ரான் ஹோவர்டு 1954 மார்ச் 1-ந் தேதி, ஓக்லஹோமா மாநிலத்தில் டங்கன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ரேன்ஸ் ஹோவர்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை; நாடகப் பித்துக் கொண்டவர். தாயார் ஜீனும் நடிகை. இருவரும் கல்லூரியில் நாடகம் படிக்கும்போது பழகினார்கள். குழந்தைகளுக்காக ஊர் ஊராக நாடகம் போடும் கம்பெனி ஒன்றில் சுற்றுப்பயணம் போனபோது கல்யாணம் செய்துகொண்டார்கள்.

தகப்பனார் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. சின்னச் சின்ன வேஷங்கள் கிடைத்தன. சில சமயம் அதுவும் இல்லை. 2017-ல் காலமாகும் வரையில் அப்படியே உழைத்துக்கொண்டிருந்தார். மகன் விஷயம் வேறு. அப்பாவின் நாடக வசனங்களைக் கேட்டுக் கேட்டு மழலையிலேயே ஒப்பிக்கத் தொடங்கிவிட்டான். நான்கு வயதில் யூல் பிரின்னர், டெபோரா கெர் ஆகியோர் நடித்த 'தி ஜர்னி' என்ற படத்தில் வேஷம் கிடைத்தது. அந்தப் படப்பிடிப்புக்காக ஐரோப்பாவில் வியன்னா நகரம் வரை போய்வந்தான். படம் 1959-ல் வெளிவந்தது.

எத்தனையோ குடும்பங்கள் சறுக்கி விழுந்த இடம் இதுதான். தகப்பன் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறான். வேஷம் இல்லை என்கிறார்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கிறார்கள். தன் ஆசையையெல்லாம் பிள்ளையின் தலையில் ஏற்றிவைக்கத் தகப்பனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளையின் சம்பளத்தில் வீடு, கார் என்று பழகிவிட்டால், பிறகு "போதும், நான் பள்ளிக்கூடம் போகிறேன்" என்று பிள்ளை சொல்லத்தான் முடியுமா?

ஹோவர்டு வீட்டில் அது நடக்கவில்லை. பர்பாங்க் நகரில் சாதாரண நடுத்தரக் குடும்பமாகவே வாழ்ந்தார்கள். வீட்டுச் செலவு தகப்பனாரின் சம்பாத்தியத்தில் நடந்தது. பிள்ளைகளின் வேலையைக் கவனிப்பதற்காகத் தங்களுக்குச் சேரவேண்டிய கமிஷனில்கூட ஒரு சிறு பங்கை மட்டுமே பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள். மற்றதைப் பிள்ளைகளுக்கென்று சேமித்தார்கள். இது எவ்வளவு அபூர்வம் என்பது பெரியவனான பிறகுதான் ரானுக்குப் புரிந்தது. 2021-ல் தம் தம்பி கிளின்ட்டோடு சேர்ந்து எழுதிய 'தி பாய்ஸ்' என்ற புத்தகத்தில் இதை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அப்பாவை மட்டம் தட்டாத பிள்ளை

'ஆண்டி கிரிபித் ஷோ' 1960 அக்டோபரில் தொடங்கி 1968 ஏப்ரல் வரையில் அமெரிக்க டெலிவிஷனில் நடந்தது. மொத்தம் 249 நாடகங்கள். மேபெரி என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே மனைவியை இழந்த ஷெரீப் ஒருவர்; அதாவது ஊர்ப் போலீஸ் அதிகாரி. அவருடைய ஒரே மகன் ஓபி. அந்த ஓபிதான் நம் ரான்.

அந்தக் காலத்து டெலிவிஷன் வேடிக்கை நாடகங்களில் பிள்ளை என்றால் வாயாடிப் பிள்ளை. அப்பாவை மட்டம் தட்டிப் பேசவேண்டும், பார்க்கிறவர்கள் சிரிக்கவேண்டும். ஓபியும் முதலில் அந்த வழியில்தான் போவதாக இருந்தான். ரேன்ஸ் ஹோவர்டு மெதுவாக ஆண்டி கிரிபித்திடம் போய் ஒரு யோசனை சொன்னார்: இந்தப் பிள்ளை அப்பாவிடம் மரியாதை உள்ளவனாக இருந்தால் என்ன?

சொன்னவர் சில்லறை வேஷக்காரர். கேட்டவர் நாடகத்தின் நட்சத்திரம். ஆனாலும் கேட்டுக்கொண்டார். ரேன்ஸும் ரானும் நிஜத்தில் எப்படிப் பழகுகிறார்களோ, அதையே மாதிரியாக வைத்து நாடகத்தின் தகப்பன்-மகன் உறவு அமைந்தது. கிரிபித்தே பிற்காலத்தில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதன் பலனை 1963-ல் ஒளிபரப்பான 'ஓபி தி பேர்ட்மேன்' என்ற நாடகத்தில் பார்க்கலாம். பையன் கவண் வைத்து விளையாடுகிறான். தாய்க் குருவி ஒன்று கல் பட்டு விழுந்து செத்துப்போகிறது. அப்பாவுக்குத் தெரிகிறது. அடிக்கவில்லை, வையவில்லை. ஜன்னலைத் திறந்துவிடுகிறார். வெளியே மரத்தில் தாயைக் காணாமல் குஞ்சுகள் கத்துகின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி பையனைத் தனியே விட்டுப் போகிறார். மறுநாள் முதல் அந்த மூன்று குஞ்சுகளையும் பையனே வளர்க்கிறான். வளர்ந்த பிறகு கூண்டைத் திறந்து பறக்கவிடுகிறான். ஒன்பது வயதுக் குழந்தை அந்த நாடகத்தில் நடித்திருக்கும் நடிப்பு, ஆட்டுவித்தால் ஆடும் பொம்மையின் நடிப்பு அல்ல. கதையின் துக்கம் என்ன என்று புரிந்துகொண்ட பிள்ளையின் நடிப்பு.

புரிந்துகொள்ளும்படி சொல்லிக் கொடுத்தவர் தகப்பனார். எங்கே கையை ஆட்டவேண்டும், எங்கே குரலை உயர்த்தவேண்டும் என்று கிளிப்பிள்ளைப் பாடம் நடத்தாமல், இந்த இடத்தில் ஓபிக்கு மனத்தில் என்ன இருக்கும் என்று பேசிப் பேசிப் புரியவைப்பது அவர் வழி. நடிக்கக் கற்றுக் கொடுத்ததாகத்தான் அவர் நினைத்திருப்பார். உண்மையில் டைரக்ட் செய்யக் கற்றுக் கொடுத்துவிட்டார்.

ஸெட்டில் இருந்த மற்றவர்களும் பிள்ளையை விரட்டவில்லை. காமிரா எப்படி ஓடுகிறது, விளக்கு எங்கே வைக்கிறார்கள், ஒலி எப்படிப் பதிவாகிறது என்று கேட்டபோதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லோரோடும் சேர்ந்து விளையாடுகிறவர் டைரக்டர் ஒருவர்தான் என்று தனக்குச் சிறுவயதிலேயே தோன்றிவிட்டதாக ரான் ஹோவர்டு சொல்லியிருக்கிறார்.

கோடீசுவரப் பிள்ளையின் வழக்கு

பெரியவர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள் என்பது அதிருஷ்டம். ஆனால் அதிருஷ்டத்தை நம்பிப் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது என்பதைக் கலிபோர்னியா மாநிலம் ரான் பிறப்பதற்கு முன்பே அடிபட்டுத் தெரிந்துகொண்டிருந்தது.

சார்லி சாப்ளினோடு 1921-ல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவனை உலகமே அறியும். லட்சக் கணக்கான டாலர் சம்பாதித்தான். மொத்தம் முப்பது, நாற்பது லட்சம் டாலர் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வயது வந்த பிறகு பணத்தைக் கேட்டால், தாயாரும் மாற்றாந்தகப்பனாரும் கையை விரித்துவிட்டார்கள். மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்பது அப்போதைய சட்டம். 1938-ல் கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர்.

ஊரே கொதித்தது. 1939-ல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. 'கூகன் சட்டம்' என்றே அதற்குப் பெயர். அதிலும் ஓட்டைகள் இருந்தன. பின்னால் 2000-ம் ஆண்டு அதைத் திருத்தி எழுதினார்கள். குழந்தையின் சம்பாத்தியம் குழந்தைக்கே சொந்தம். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தனிக் கணக்கில் போடப்படவேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த மாநிலத்தில் படிப்புக்கும் விதி உண்டு. பள்ளி வயதுப் பிள்ளை ஸ்டூடியோவுக்கு வந்தால் அங்கேயே ஆசிரியர் இருக்கவேண்டும். நாளைக்கு மூன்று மணி நேரம் பாடம் நடக்கவேண்டும். ரானும் அப்படித்தான் படித்தான். படப்பிடிப்பு இல்லாத மாதங்களில் ஊர்ப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அங்கே 'ஓபி' என்ற பெயரை வைத்துக் கேலி செய்தார்கள். சண்டையும் நடந்தது. அந்தச் சண்டைகூட ஒரு படிப்புத்தான். ஸெட்டில் எல்லோரும் தட்டிக் கொடுக்கும் பிள்ளைக்கு, உலகம் எப்படிப்பட்டது என்று வேறு யார் சொல்லித் தருவார்கள்?

நீ எனக்கு நடி, நான் உனக்குப் படம் தருகிறேன்

ஓபி வேஷம் முடியும்போது ரானுக்கு வயது பதினான்கு. குழந்தை நட்சத்திரங்களுக்கு இதுவே பெரிய கண்டம். குரல் உடைகிறது, முகம் மாறுகிறது, கூப்பிடுகிறவர்கள் குறைகிறார்கள். ரான் அந்த வயதில் சின்ன மூவி காமிரா ஒன்றை வைத்துக்கொண்டு சொந்தமாகப் படம் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். ஹென்றி பாண்டா என்ற பெரிய நடிகரோடு 1971-ல் ஒரு டெலிவிஷன் தொடரில் நடித்தபோது, டைரக்டர் ஆகும் ஆசையை விட்டுவிடாதே என்று அவர் தைரியம் சொன்னார்.

1973-ல் ஜார்ஜ் லூகாஸின் 'அமெரிக்கன் கிராபிட்டி', 1974 முதல் 'ஹாப்பி டேஸ்' டெலிவிஷன் தொடர் என்று மறுபடி புகழ் வந்தது. 'ஹாப்பி டேஸ்' கதையில் முக்கிய வேஷம் ரானுடையது. ஆனால் பக்கத்து வேஷத்தில் நடித்த ஹென்றி விங்க்லருக்குக் கைதட்டல் கூடிப்போயிற்று. தொடரின் பெயரையே அந்தப் பாத்திரத்தின் பெயரால் மாற்றிவிடலாமா என்று முதலாளிகள் யோசிக்கும் அளவுக்குப் போயிற்று. ரான் அதற்கு மட்டும் இணங்கவில்லை. ஆனால் விங்க்லரோடு மனஸ்தாபம் கொள்ளவும் இல்லை. பிற்காலத்தில் தாம் டைரக்ட் செய்த 'நைட் ஷிப்ட்' (1982) படத்தில் அதே விங்க்லரைக் கதாநாயகனாகப் போட்டார்.

முதல் படம் கிடைத்த விதம் வேடிக்கையானது. குறைந்த செலவில் படம் எடுப்பதில் பேர்போனவர் ராஜர் கார்மன். அவருடைய 'ஈட் மை டஸ்ட்' (1976) என்ற கார் ஓட்டப் படத்தில் நடிக்க ரான் வேண்டும். ரானுக்கு டைரக்ட் செய்ய ஒரு படம் வேண்டும். இரண்டு பேரும் பேரம் பேசி முடித்தார்கள். அடுத்த ஆண்டே 'கிராண்ட் தெப்ட் ஆட்டோ' வெளிவந்தது. தகப்பனும் மகனும் சேர்ந்து எழுதிய கதை. செலவு சுமார் 6 லட்சம் டாலர். டைரக்டருக்கு வயது 23.

படப்பிடிப்பில் ஒரு கூட்டக் காட்சிக்கு இன்னும் கொஞ்சம் ஆட்கள் வேண்டும் என்று ரான் கேட்டார். கார்மன் மறுத்துவிட்டார். இந்தப் படத்தை நன்றாக முடித்துக் கொடுத்தால் இனிமேல் தம்மிடம் வேலை செய்யவேண்டிய அவசியமே வராது என்று மட்டும் சொன்னார். அந்த வாக்குப் பலித்தது. படம் போட்ட பணத்தைப் போல் பல மடங்கு வசூல் செய்தது.

"மிஸ்டர் ஹோவர்டு!"

இருந்தாலும் பழைய நடிகர்களுக்கு அவர் இன்னும் சின்னப் பையன்தான். 1980-ல் 'ஸ்கைவார்டு' என்ற டெலிவிஷன் படம். நடிப்பவர் பெட்டி டேவிஸ். ஹாலிவுட்டே கண்டு நடுங்கிய அம்மாள். டைரக்டருக்கு 26 வயது. "என்னை ரான் என்றே கூப்பிடுங்கள்" என்று பணிவாகச் சொன்னார். உன்னைப் பிடிக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் வரையில் 'மிஸ்டர் ஹோவர்டு' என்றே கூப்பிடுவேன் என்று வெட்டிப் பேசிவிட்டார் அந்த அம்மாள்.

அன்றைய தினம் படப்பிடிப்பில் ரான் ஒரு திருத்தம் சொன்னார். அம்மாள் நடித்துப் பார்த்தார். அது சரியாகவே இருந்தது. மாலையில் புறப்படும்போது, "சரி ரான், நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லித் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மனிதர்களை அவர் நடத்தும் முறைக்கு ஒரு விதி வைத்திருக்கிறார். நடிகரோ காமிராக்காரரோ யாராவது ஒரு யோசனை சொல்கிறார்கள். அதுவும் நன்றாக இருக்கிறது, தம்முடைய யோசனையும் நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே தரம் என்றால், தம்முடையதை விட்டுவிட்டு அவர்களுடையதை எடுத்துக்கொள்வார். இந்த விதியை எந்தக் கல்லூரியில் கற்றார்? தென் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் சினிமாப் படிப்புக்குச் சேர்ந்தவர்தான். ஆனால் பட்டம் வாங்குமுன்பே வெளியே வந்துவிட்டார். 1961-ல் பாப் ஸ்வீனி ஒரு ஏழு வயதுப் பிள்ளையிடம் நடந்துகொண்ட முறையில்தான் அந்தப் பாடம் இருக்கிறது.

1984-ல் 'ஸ்பிளாஷ்', 1985-ல் 'கொகூன்', 1989-ல் 'பேரன்ட்ஹுட்' என்று படங்கள் வளர்ந்தன. 1995-ல் வந்தது 'அப்பல்லோ 13'. சந்திரனுக்குப் போகும் வழியில், 1970 ஏப்ரலில் பழுதுபட்டுப்போன விண்கலத்தின் உண்மைக் கதை. எடையில்லாமல் மிதக்கும் காட்சிகளைக் கயிறு கட்டி எடுக்க அவர் விரும்பவில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் விமானத்தில் ஸெட்டைப் போட்டு, விமானம் மேலேறிக் கீழிறங்கும் ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் இருபது இருபத்தைந்து விநாடிகளில் டாம் ஹாங்க்ஸ் முதலானவர்களை நிஜமாகவே மிதக்கவிட்டுப் படம் பிடித்தார். இப்படி அறுநூறு தடவைக்கு மேல்!

அந்தப் படத்தில் விண்வெளி வீரர் ஜிம் லோவலின் வயதான தாயாராக நடித்திருப்பவர் ரானின் தாயார் ஜீன். பாதிரியாராக வருபவர் தகப்பனார் ரேன்ஸ். தரைநிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளில் ஒருவர் தம்பி கிளின்ட். பிள்ளைகளை வளர்ப்பதற்காகத் தம் நடிப்பையே நிறுத்திவைத்திருந்த தாய்க்கு, மகன் வேஷம் கொடுத்தான்.

தம் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம்

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் நம் பிள்ளையையும் நடிக்க விடலாமே" என்று நினைப்பவர்கள் இதையும் கவனிக்கவேண்டும்.

ரான் ஹோவர்டுக்கு நான்கு பிள்ளைகள். ஒருவரையும் அவர் குழந்தை நட்சத்திரமாக்கவில்லை. ஹாலிவுட்டுக்கு வெகு தூரத்தில், கிழக்குக் கரையில் கனெக்டிகட் மாநிலத்தில் வைத்து வளர்த்தார். மகள் பிரைஸ் டல்லாஸ் ஹோவர்டு அப்பா எடுத்த படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றதுண்டு. தொழிலாக நடிக்கப் போனது வளர்ந்த பிறகுதான். இன்று அவரும் நடிகை, டைரக்டர்.

குழந்தை நடிப்பால் நன்மையே அடைந்த மனிதர், தம் குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்று ஏன் தீர்மானித்தார்? காரணம் எளிது. தம்மைப் போன்ற ஒருவனுக்கு எத்தனை விஷயங்கள் ஒன்றுசேர்ந்து அமையவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு ரேன்ஸ் ஹோவர்டு வேண்டும், ஒரு ஆண்டி கிரிபித் வேண்டும், ஒரு பாப் ஸ்வீனி வேண்டும். அத்தனையும் அமைந்த வீட்டில்கூட ஒன்று போல் ஒன்று இருக்காது. தம்பி கிளின்ட்டும் அதே பெற்றோரின் பிள்ளை; அவரும் குழந்தை நடிகர்தான். ஆனால் வாலிப வயதில் குடிக்கும் போதைப் பொருளுக்கும் ஆட்பட்டு, பெரும்பாடு பட்டு மீண்டார். அண்ணனோடு எழுதிய புத்தகத்தில் அவரே அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

வேறொரு கதையும் உண்டு. கனடாவைச் சேர்ந்த ஸாரா பாலி என்ற டைரக்டரும் குழந்தை நடிகையாக இருந்தவர். 1988-ல் வெளிவந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆப் பாரன் முன்ச்சாஸன்' படத்தில் சிறுமியாக நடித்தபோது, தம்மைச் சுற்றி வெடித்த வெடிகளைக் கண்டு எவ்வளவு பயந்து நடுங்கினார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பயம் பல ஆண்டுகள் அவரை விடவில்லை. அவரும் டைரக்டர் ஆனார். 'விமன் டாக்கிங்' படத்தின் திரைக்கதைக்காக 2023-ல் ஆஸ்கார் பரிசும் பெற்றார். அந்தப் படத்தை எடுத்தபோது, வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் குழந்தைகளைப் பார்க்கவேண்டும் என்று வேலை நேரத்தைச் சுருக்கி வைத்தார்.

அன்பினாலும் டைரக்டர் உருவாகலாம், அச்சத்தினாலும் உருவாகலாம் என்று தெரிகிறது. அப்படியிருக்க, பரிசைக் காட்டிப் பிள்ளை வளர்ப்பை நியாயப்படுத்த முடியாது. ஸாராவுக்குப் பரிசு கிடைத்ததால் சிறுமி பட்ட பயம் சரியாகிவிடுமா? பரிசே கிடைக்காமல் பயம் மட்டும் மிஞ்சிய குழந்தைகள் எத்தனை பேரோ?

சட்டம் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை

கூகன் சட்டம் அமெரிக்கக் கதையோடு முடிந்துவிடவில்லை. அதைப் போன்ற ஏற்பாடு இந்தியாவிலும் வந்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது, சினிமாவிலும் டெலிவிஷனிலும் நடிக்கும் குழந்தைகளுக்கு விலக்கு அளித்தார்கள். ஆனால் 2017-ல் வந்த விதிகள் அதற்கு நிபந்தனை போட்டன. மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்கவேண்டும். நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சேர்ந்தாற்போல் 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படிப்பு நிற்கக் கூடாது. சம்பாத்தியத்தில் நூற்றுக்கு இருபது பங்காவது குழந்தையின் பெயரில் தேசிய பாங்கியில் பிக்ஸட் டெபாசிட்டாகப் போடப்படவேண்டும்.

பிள்ளையைப் பாட்டுப் போட்டிக்கும் நடனப் போட்டிக்கும் விளம்பரப் படத்துக்கும் அழைத்துப் போகும் தாய் தகப்பன்மார்களில் எத்தனை பேர் இந்த விதிகளைப் பற்றிக் கேட்கிறார்கள்? கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பயம். அந்தப் பயம் இருக்கிறவரையில் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். கூகனின் பணத்தைக் கரைத்தவர்கள் ஊரார் அல்ல, வீட்டார். ஆகவே காவலும் வீட்டில்தான் தொடங்கவேண்டும்.

சட்டம் பணத்தைக் காப்பாற்றும், நேரத்தைக் காப்பாற்றும். ஆனால் பிள்ளையின் பேச்சைக் கேட்கும்படி எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அது பெரியவர்கள் தாமாகச் செய்யவேண்டிய காரியம்.

ஆஸ்கார் பரிசு வாங்கிய இரவில் ரான் ஹோவர்டு தம் தாயாரை நினைத்துக்கொண்டார். ஜீன் அம்மாள் 2000-ல் காலமாகிவிட்டார். ஒவ்வொரு படத்தின்போதும், "இந்தத் தடவை உனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். சொன்னது பலித்தபோது பார்க்க அவர் இல்லை. பல வருஷங்கள் பலிக்காமல் போனபோதும் அந்தத் தாய் மகனைக் கடிந்துகொள்ளவில்லை, நம்பிக்கையையும் விடவில்லை.

பிள்ளையைக் காமிராவுக்கு முன்னால் நிறுத்துவதற்கு முன், தாய் தகப்பன்மார் தங்களைத் தாங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். "இந்த வசனம் சரியில்லை" என்று பிள்ளை சொன்னால், "பின்னே எப்படி?" என்று கேட்போமா? "எனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னால், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிடுவோமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியாதவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுவது நல்லது.